மதர்போர்டை மாற்றிய பின் விண்டோஸை மீண்டும் நிறுவிய அனுபவம்

ஏஎம்டி செயலியோடு ஏழு ஆண்டுகள் உழைத்த மதர்போர்டைக் கழற்றிவிட்டு, இன்டெல் செயலிக்கான புதிய போர்டை அண்மையில் பொருத்தினேன். பழைய எஸ்எஸ்டியை அப்படியே மாட்டி, அதிலிருந்த விண்டோஸ் 11 எழுகிறதா என்று பார்த்துவிட்டு, எப்படியும் புதிதாக நிறுவிக்கொள்வது என்பதே திட்டம். கழற்றுவதற்கு முன்பே 8 ஜிபி பென்டிரைவில் நிறுவல் கோப்புகளை ஏற்றியிருந்தேன். லைசென்ஸை மைக்ரோசாப்ட் கணக்கோடு இணைத்தும் வைத்திருந்தேன். டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க மட்டும் மறந்துபோனேன்.

முதல் முறை மின்சாரம் கொடுத்ததும் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டது. டிஸ்க்கைத் திறக்கும் சாவியைப் பழைய கணினியின் டிபிஎம் என்னும் பாதுகாப்புப் பகுதி காத்துவந்தது. புதிய கணினியின் டிபிஎம்முக்கு அந்தச் சாவியைப் பற்றி எதுவும் தெரியாது. கைப்பேசியில் மைக்ரோசாப்ட் கணக்கைத் திறந்து, எட்டுத் தொகுதிகளாக இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். ஒவ்வொரு ஆறு இலக்கத் தொகுதியும் 11-ஆல் வகுபடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், ஓர் எண் பிசகினாலும் அந்தத் தொகுதியிலேயே தவறு பிடிபட்டுவிடுகிறது. இரண்டு முறை எனக்கு அது உதவியது.

பூட்டு திறந்த பின்னும் விண்டோஸ் எழவில்லை. சில நொடிகள் சுழன்றுவிட்டு, துவக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று மற்றொரு நீலத்திரை காட்டியது. அதைத் தோண்டிப் பார்க்காமல் பென்டிரைவிலிருந்து நிறுவலைத் தொடங்கினேன். டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் பட்டியல் முற்றிலும் காலியாக இருந்தது. போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் தெளிவாகத் தெரிகிறது, விண்டோஸின் நிறுவல் நிரலுக்கோ அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை. அரை மணி நேரத் தேடலுக்குப் பிறகுதான், போர்டில் விஎம்டி என்னும் இன்டெல்லின் சேமிப்பக வசதி முன்கூட்டியே இயக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். அதற்குரிய டிரைவர் (வன்பொருளோடு பேச உதவும் மென்பொருள்) இல்லாத விண்டோஸுக்கு, அதன் பின்னால் இருக்கும் எஸ்எஸ்டி தென்படாது. முந்தைய நீலத்திரைக்கும் இதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். டிரைவரைப் பென்டிரைவில் வைத்து ஏற்றலாம் என்றாலும், ஒற்றை எஸ்எஸ்டி வைத்திருக்கும் எனக்கு விஎம்டியால் பயன் எதுவும் இல்லை என்பதால் அதை அணைத்தேன். அணைத்த பிறகு பழைய விண்டோஸே எழுந்திருக்கக்கூடும். சோதித்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, எஸ்எஸ்டியிலிருந்த பார்ட்டிஷன்கள் அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவலைத் தொடர்ந்தேன்.

என் கோப்புகள் இருந்த ஹார்டு டிஸ்க்கின் கேபிளை முன்னதாகவே பிடுங்கி வைத்திருந்தேன். தவறான டிஸ்க்கை அழித்துவிடும் அச்சம் ஒருபுறம். துவக்கக் கோப்புகள் அந்த டிஸ்க்கில் போய் அமர்ந்துகொண்டால், பின்னாளில் அதைக் கழற்றும்போது கணினியே எழாது என்பது மறுபுறம். ஒருமுறை அப்படிப் பட்டிருக்கிறேன்.

நிறுவல் பத்து நிமிடங்களில் முடிந்து, இணைய இணைப்புக் கேட்கும் திரையில் நின்றது. புதிய போர்டின் லேன், வைஃபை இரண்டுக்குமே டிரைவர் இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியோடு பகிரும் டெதரிங்கை இயக்கியதும் அந்தத் திரை வழிவிட்டது.

அடுத்து ஆக்டிவேஷன், அதாவது லைசென்ஸ் செல்லுமா என்று விண்டோஸ் உறுதிசெய்யும் கட்டம். டிஜிட்டல் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டை வைத்தே கணினியை அடையாளம் காண்பதால், வன்பொருள் மாறிவிட்டது என்று சொல்லி விண்டோஸ் மறுத்தது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியிலுள்ள சிக்கல் தீர்க்கும் கருவியில், இந்தக் கணினியில் அண்மையில் வன்பொருளை மாற்றினேன் என்ற தெரிவை அழுத்தினால், கணக்கோடு இணைந்த கணினிகளின் பட்டியல் வருகிறது. எதற்கும் பெயர் வைக்காத சோம்பலின் பலனாக, ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கும் மூன்று பெயர்கள் வரிசையாக நின்றன. முதலில் தொட்டது ஏற்கப்படவில்லை, இரண்டாவது ஏற்கப்பட்டது. என்னுடையது தனியாக வாங்கிய ரீடெயில் லைசென்ஸ். கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் லைசென்ஸாக இருந்திருந்தால், பழைய போர்டோடு அதுவும் போயிருக்கும்.

கடைசியாக ஹார்டு டிஸ்க்கை மாட்டினேன். அதுவும் பூட்டோடு வந்து தன் 48 இலக்கங்களைக் கேட்டது. முன்பு தானாகத் திறந்துகொண்டதற்கான சாவி, நான் அழித்த விண்டோஸுக்குள் இருந்தது. கணக்கில் இரண்டு குறியீடுகள் இருந்தன. திரையில் தெரிந்த அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு உரியதை இட்டதும் டிஸ்க் திறந்தது. உள்ளிருந்த பழைய பயனர் கோப்புறை, அனுமதி இல்லை என்று ஒரு முறை தடுத்தது. தொடரச் சொல்லி அழுத்தினேன். பச்சைக் கோடு முகவரிப் பட்டையில் இருபது நிமிடங்கள் ஊர்ந்து முடிந்தபோது, எல்லாக் கோப்புகளும் இருந்த இடத்தில் இருந்தன.