முகப்பில் 228, அடுப்படியில் 210

செட்டிநாட்டு வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். கரண்ட் மீட்டர் முகப்பில் இருக்கும், அடுப்படி கடைசிக் கட்டில். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டில் ஒரு மணிவிழா என்று சொந்தபந்தம் வந்து இறங்கும்போதுதான் வயரிங்கின் வண்டவாளம் தெரியும்.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில், "தம்பி, இந்த ஹீட்டர் ராடு புதுசு, ஆனா தண்ணி சுட ரொம்ப நேரமாகுது, மாத்தித் தரச் சொல்லுங்க" என்றார் ஆச்சி. ராடில் 1500 வாட், 230 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. அது போதும். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் ராடு இழுக்கிற மின்னோட்டம் சுமார் 6.5 ஆம்பியர், 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் அதன் மின்தடை சுமார் 35 ஓம். பிளக்கைப் பிடுங்கி மல்டிமீட்டரில் பார்த்தேன், அதே 35. ராடு மேல் குற்றமில்லை.

அப்புறம் ராடை ஓடவிட்டு (இது முக்கியம், லோடு இல்லாமல் அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே வோல்ட்தான் காட்டும்) முகப்பில் பார்த்தால் 228, அடுப்படியில் 210. கிளாம்ப் மீட்டரில் (வயரைச் சுற்றி மாட்டி ஆம்பியர் அளக்கிற கருவி) 6 ஆம்பியர். கிளாம்பை ஒற்றை வயரில்தான் மாட்ட வேண்டும், பேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளில் மாட்டினால் சுழியம்தான் வரும்.

210 பெருக்கல் 6, 1260 வாட். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைவதால் சூடு இரட்டை அடி வாங்குகிறது.

சரி, காணாமல் போன 18 வோல்ட் எங்கே? 18-ஐ 6-ஆல் வகுத்தால் 3 ஓம், அதுதான் வழியில் இருக்கிற மின்தடை. இழுத்திருப்பது ஒன்றரை ஸ்கொயர் (குறுக்குவெட்டு ஒன்றரை சதுர மில்லிமீட்டர்) தாமிர வயர், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். மீட்டரிலிருந்து அடுப்படிக்கு 60 மீட்டர், போகவரக் கணக்கிட்டால் 120 மீட்டர், ஒன்றரை ஓமுக்குள்தான் வர வேண்டும். மிச்சம் ஒன்றரை ஓம் எங்கோ ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகம். ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கினால் அங்கே சூடாகப் போகிற வாட் வரும்: 6-இன் வர்க்கம் 36, அதை ஒன்றரையால் பெருக்கினால் 54 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றைச் சுவருக்குள் செருகி மறந்துவிட்ட மாதிரி.

மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்ததில், இரண்டாம் கட்டு நிலைக்கு மேலே மாட்டிக்கொண்டது. வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள், டேப் கருகி உதிர்கிறது, அதற்கு ஒரு சாண் மேலே தேக்கு மச்சு! எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற சுவிட்ச்) ஏன் விழவில்லை என்று கேட்கலாம். அது பார்ப்பது ஆம்பியரை மட்டும்தான், 6 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. லூஸ் கனெக்‌ஷனை அது கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஜாயிண்டை வெட்டிக் கனெக்டர் போட்டதும் அடுப்படியில் 219 வந்தது. மீதியை 4 ஸ்கொயர் வயர் இழுத்தால்தான் சரிக்கட்ட முடியும். விசேஷம் முடியட்டும் என்றார்கள்.

இந்தக் கணக்கு ராடு, இஸ்திரிப் பெட்டிக்கு அப்படியே பொருந்தும். கிரைண்டர், மோட்டாருக்குப் பொருந்தாது. அங்கே வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் உண்மையான வாட்டைவிடக் கூடுதலாகத்தான் வரும், பவர் ஃபேக்டரும் (அந்தப் பெருக்கல் தொகையில் உண்மையான வாட்டாகிற பங்கு) சேர வேண்டும். பழைய குண்டு பல்பிலும் ஏமாறுவீர்கள்: 100 வாட் பல்பு எரியும்போது கணக்குப்படி 529 ஓம், அணைந்து ஆறியபின் மீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது, ஏனென்றால் டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற மின்தடையும் ஏறும்.