கட்டுவதற்குக் கூலி இல்லை

லாரியில் சரக்கை ஏற்றுவதற்குக் கூலி உண்டு, இறக்குவதற்கும் உண்டு. கட்டுவதற்கு எங்கள் பக்கம் தனிக்கூலி என்று ஒன்று கிடையாது. கோயம்புத்தூரில் இயந்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் டிஸ்பாட்ச் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். வழியில் பெட்டி சாய்ந்துவிட்டது, மெஷின் நகர்ந்து பக்கப் பலகையை இடித்துவிட்டது என்று போன் வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கூலி விஷயம்தான்.

கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை. பெட்டி லாரியில் உட்கார்ந்ததும் கொக்கியைக் கழற்றிவிட்டு கிரேன்காரர் போய்விடுவார். லோடுமேன்களுக்கு டன் கணக்கு, அவர்களுக்கும் அடுத்த வண்டி காத்திருக்கும். மிச்சம் இருப்பது டிரைவரும் கிளீனரும். இப்போது பல வண்டிகளில் கிளீனரே இல்லை. இருட்டுகிற நேரத்தில் டிரைவர் தனியாளாகக் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பார், புக்கிங் ஆபீஸிலிருந்து "கிளம்பியாச்சா?" என்று போன் வந்தபடி இருக்கும்.

இதோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். சங்ககிரிப் பக்கத்து டிரைவர் ஒருவர், வயதில் மூத்தவர், நல்ல அனுபவசாலி, என்னிடம் சொல்வார்: "நாலு டன்னுங்க தம்பி. இது எங்கீங்க நகரப் போகுது?" கனமான பொருள் நகராது என்பது பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. கையால் தள்ளினால் நகராதுதான். ஆனால் பிரேக் போடும்போது தள்ளுவது நம் கை இல்லை. வண்டி நிற்கும், சரக்கு அதே வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். எடை கூடக்கூட அடித்தளத்தின் பிடிமானம் கூடுகிறது, முன்னால் தள்ளும் விசையும் அதே அளவுக்குக் கூடுகிறது. ஆகவே வழுக்குமா வழுக்காதா என்பதில் நாற்பது கிலோ பெட்டிக்கும் நாலு டன் மெஷினுக்கும் வித்தியாசம் இல்லை. வழுக்கிய பிறகு என்ன ஆகும் என்பதில்தான் வித்தியாசம்.

அப்புறம் பெல்ட். கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் நாடாவுக்கு ராட்செட் பெல்ட் என்று பெயர். அதன் லேபிளில் 5 டன் என்று போட்டிருக்கும். நாலு டன் சரக்குக்கு ஒரு பெல்ட் போதுமே என்று படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள். அந்த 5 டன், சுற்றிக் கட்டும்போது பெல்ட் தாங்கும் இழுவிசை. சரக்கின் மேலே போட்டுக் கையால் ராட்செட்டை இறுக்கினால் வரும் இழுப்பு அதே லேபிளில் வேறொரு சின்ன எண்ணாக இருக்கும். 50 மில்லிமீட்டர் பெல்ட்டுக்கு வழக்கமாக 300 கிலோ அளவுதான்.

ஐரோப்பாவில் இ.என். 12195 என்று ஒரு தர நிர்ணயம் இருக்கிறது. சாலையில் போகும் சரக்கு நகராமல், முன்பக்கமாக அதன் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 50 சதவீத விசையையும் தாங்க வேண்டும் என்கிறது அது. அதை வைத்து ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த மூத்த டிரைவருக்கு ஒரு அட்டையின் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினேன். நாலு டன் மரப்பெட்டி, இரும்புத் தளம், பிடிமானம் 0.3, அதாவது அழுத்தும் எடையில் 30 சதவீதம் உராய்வாகக் கிடைக்கும். முன்பக்கம் தாங்க வேண்டியது 3,200 கிலோ. உராய்வே 1,200 கிலோவைப் பார்த்துக்கொள்ளும். பாக்கி 2,000. ஒரு பெல்ட் இரண்டு பக்கமும் சேர்த்து 600 கிலோ அழுத்தினால், அதில் உராய்வாகக் கிடைப்பது 180. ஆக குறைந்தது 12 பெல்ட் வேண்டும். பெல்ட் சரிவாக இறங்கினால் இன்னும் கூடும். அதே பெட்டிக்கு அடியில் ரப்பர் மேட் போட்டால் பிடிமானம் 0.6, மூன்று பெல்ட்டில் முடிந்துவிடும். அல்லது பெட்டியைக் கேபின் பக்கத்துத் தடுப்புப் பலகையோடு ஒட்டி வைத்து, இடைவெளிக்குக் கட்டை கொடுத்துவிடலாம், அந்தப் பலகை உறுதியாக இருந்தால். மூத்தவர் அட்டையை வாங்கி ரெண்டு தரம் பார்த்தார். "அப்ப மேட்டு வாங்கிப் போடுங்க, பன்னெண்டு பெல்ட்டு யாருங்க கட்டுறது" என்றார். கூட்டம் போட்டு வகுப்பு எடுத்ததில் கிடைக்காத சம்மதம் அது.

முன்பக்கத்தைப் பற்றிச் சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது. பின்பக்கம்தான் மறந்துபோகும். எங்கள் வண்டிகள் பெங்களூருக்குப் போகும்போது தொப்பூர் கணவாயில் ஏற வேண்டும். ஏற்றத்தில் நின்று, கிளச்சை விட்டு உதறிக் கிளம்பும்போது சரக்கு பின்கதவின் மேல் சாயும். திரும்பி வரும்போது அதே கணவாயில் இறக்கம். தொப்பூர் இறக்கத்தில் நடந்த லாரி விபத்துகளைப் பேப்பரில் படிக்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதைப் பற்றி அவற்றில் நிறையப் பேசுகிறார்கள், சரக்கைக் கட்டியதைப் பற்றிப் பேசுவதில்லை.

கயிற்றைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நாமக்கல், சங்ககிரி டிரைவர்கள் சுருக்குப் போட்டு, கயிற்றையே கப்பி மாதிரி ஆக்கி இழுக்கிற அழகை நின்று பார்க்கலாம். குஜராத்திலிருந்து எங்கள் ஊர் மில்களுக்கு வரும் பஞ்சு பேல்கள், அதாவது அழுத்திக் கட்டிய பொதிகள், அப்படித்தான் தார்ப்பாய்க்குள் வருகின்றன. பேல் ஒன்று 170 கிலோ. ஆனால் பஞ்சு அமுங்கும். கொஞ்ச தூரம் போனதும் கட்டு தளர்ந்துவிடும். பழைய ஆட்கள் ஊர் எல்லையைத் தாண்டியதும் டீக்கு நிறுத்துவார்கள், டீ குடிப்பதற்கு முன்னால் கயிற்றைத் தட்டிப் பார்ப்பார்கள். ஜி.பி.எஸ். வந்த பிறகு அந்த டீக்கும் "ஏன் நிற்கிறாய்?" என்று போன் வருகிறது.

சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. சரக்கு வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000. எடை மேடையில் எடை தெரிகிறது, நீளமும் உயரமும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இதை எப்படிக் கட்டியிருக்கிறாய் என்று வழியில் யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

ரப்பர் மேட் வாங்கினோம். முதல் மாதமே பாதி மேட் லாரியோடு போய்விட்டது, திரும்ப வரவில்லை. டெபாசிட் வைத்த பிறகு வருகிறது. இன்னொரு மாற்றமும் செய்தோம்: லோடிங் சீட்டில் "கட்டு" என்று தனி வரி போட்டு, லோடுமேன் இருவருக்கும் டிரைவருக்கும் தொகை. கட்டுவது வாடகையில் சேர்ந்ததுதானே என்று கணக்குப் பிரிவில் இழுத்தடித்தார்கள். சரிந்த ஒரு மெஷினைப் பழுது பார்த்த பில்லைப் பக்கத்தில் வைத்ததும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போதும் வெளியூர் வண்டிக்காரர்கள் சிலர் பணத்தை வாங்கிக்கொண்டு ரெண்டு கயிறு போட்டுக் கிளம்பப் பார்க்கிறார்கள். அதனால் சரக்கைக் கட்டியிருப்பதை நாலு பக்கமும் போட்டோ எடுத்த பிறகுதான் கேட் பாஸ்.