வெட்ஜ்வுட் ஜாடியில் நிற்பது யார்? கலை வரலாற்றுத் தேர்வுக்கு நான் படித்த விதம்

லண்டனில் கலை வரலாறு படித்தபோது, படத்தைப் பார்த்து அடையாளம் சொல்லும் கேள்விதான் எனக்குப் பெரும் பயம். வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேய மட்பாண்ட நிறுவனத்தின் ஜாஸ்பர்வேர் (பளபளப்புப் பூச்சு இல்லாத மட்பாண்ட வகை) ஜாடிகளில் நீலப் பரப்பின் மேல் வெள்ளைப் புடைப்புருவங்கள். எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கும். முகத்தை விட்டுவிட்டுக் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தண்டாயுதமும் சிங்கத்தோலும் இருந்தால் மாவீரன் ஹெர்குலிஸ். பாம்புகள் சுற்றிய கோல் என்றால் கடவுள்களின் தூதரான மெர்க்குரி. கையில் எதுவும் இல்லையா, முதுகைப் பாருங்கள்: வண்ணத்துப்பூச்சிச் சிறகு என்றால் ஆன்மாவின் உருவமான சைக்கி.

இந்த வழி எனக்கு ஒருமுறை கைகொடுக்கவில்லை. மாதிரித் தேர்வில் யாழ் ஏந்திய ஓர் உருவத்தை இசைக் கடவுள் அப்போலோ என்று எழுதிவிட்டேன். அது கிரேக்கக் கவிஞர் ஹோமர். வெட்ஜ்வுட்டுக்காகச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் 1778-இல் வடித்த, ஹோமர் தெய்வநிலை அடையும் காட்சி.

அந்தச் சனிக்கிழமையே பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனேன். அந்தக் காட்சி ஒட்டிய பெகாசஸ் ஜாடி அங்கே இருக்கிறது. 1786-இல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசையா வெட்ஜ்வுட்டே கொடுத்தது. மூடியில் மேகத்தின் மேல் பெகாசஸ் என்ற சிறகுக் குதிரை, கைப்பிடிகளில் பாம்புகள். ஃபிளாக்ஸ்மன் பார்த்துச் செய்த கிரேக்க ஜாடியும் அதே மியூசியத்தின் சொத்துதான். பிரிட்டிஷ் தூதரும் பழம்பொருள் சேகரிப்பாளருமான வில்லியம் ஹாமில்டனின் சேகரிப்பிலிருந்து 1772-இல் வாங்கியது. அதில் இருப்பவர் ஹோமரே இல்லை! இசைப் போட்டியில் வென்ற ஒரு கலைஞர் என்கிறார்கள் இன்றைய அறிஞர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹோமர் என்று நம்பினார்கள். ஃபிளாக்ஸ்மனும் அப்படியே வடித்தார். விடையில் இந்த இரண்டையும் எழுதுங்கள். கிரேக்கத்தை அந்தக் காலம் எப்படிப் பார்த்தது என்பது இந்த ஒரு ஜாடியிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம், செய்முறையைத் தள்ளிவிட்டுப் படிக்காதீர்கள், நானும் முதலில் தள்ளினேன். களிமண்ணை அச்சில் அழுத்தி, உருவத்தைப் பக்குவமாக எடுத்து, நீர் தடவி ஜாடியில் ஒட்டிச் சூளையில் வைப்பார்கள். அச்சு இருக்கும்வரை அதே உருவம் வேறு வேறு ஜாடிகளில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே உருவம் 1778-இல் வடித்தது என்பதற்காக ஜாடிக்கும் அதே ஆண்டைப் போட்டுவிடக் கூடாது.

போர்ட்லண்ட் ஜாடி வந்தால் மட்டும் நிதானம் தேவை. ரோமானியக் கண்ணாடி ஜாடி அது. வெட்ஜ்வுட் கிட்டத்தட்ட நான்கு ஆண்டு போராடி அதைக் களிமண்ணில் நகலெடுத்தார். அதில் வரும் கதை எது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. கிரேக்கப் புராண வீரன் பெலியஸ், கடல் தேவதை தெட்டிஸ் திருமணம் என்று பலர் கருதுகிறார்கள். நான் "கருதப்படுகிறது" என்றே எழுதினேன்.