வில்லனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே பல கதைகளின் முடிவு அப்படியே உடைகிறது. சுழல், ஷெர்லாக், பிராட்சர்ச், ட்வின் பீக்ஸ், லைன் ஆஃப் டியூட்டி, மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன், டார்க், அப்புறம் நம்ம அந்த நாள். இதில் எதையாவது இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கிரைம் தொடர் ஓடும்போதே "இவன் உண்மையில் அவன்தான்", "அந்தக் குழந்தைக்கு அப்பா வேற ஆள்" என்று ஊகம் கட்டுவது எனக்குப் பழைய வியாதி. முடிவு வந்ததும் "நான் அப்பவே சொன்னேனே" என்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்த வருஷம் அதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்து பார்க்கத் தோன்றியது. கடைசி எபிசோடுக்கு முன்னால் ஊகத்தை எழுதித் தேதி போட்டுக் கவரில் ஒட்டிவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகுதான் பிரிக்க வேண்டும். எந்த மாதிரி ஊகம் பலிக்கிறது, எது வெறும் புகை என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

ஜூன்

போலீஸ் படங்களில் வருவது போலச் சுவரில் போட்டோ ஒட்டி, சிவப்பு நூல் கட்டிப் பார்த்தேன். பெரம்பூரில் வாடகை வீடு. டேப்பைப் பிரித்தபோது பெயின்ட்டும் கூடவே வந்தது. ஓனர் அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நின்ற விதமே போதுமாக இருந்தது. நூலில் வேறு பிரச்சினையும் உண்டு. யாரையும் யாரோடும் இழுத்துக் கட்டிவிடலாம். கட்டியதும் அது நிஜம் மாதிரித் தெரியும்.

சுவர் போச்சு, அட்டைக்கு மாறலாம் என்று பரணிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்தேன். தடித்த அட்டை, பின்பக்கம் வெள்ளை. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை.

இங்கேதான் மாமா உள்ளே வந்தார். என் மாமனார் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு பக்கம் ஒரு அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்து, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தி, ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவில் காகிதமும் பத்திரிகை அட்டையும்தான் பிழைப்பு. முகூர்த்த மாதம் வந்தால் நடக்க இடம் இருக்காது. நான் ஷெர்லாக் தொடருக்காக அட்டையின் பின்பக்கம் "மைக்ராஃப்ட், அண்ணன்" என்று எழுதுவதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, முன்பக்கத்திலேயே எல்லாம் இருக்கே, அந்த மாதிரியே எழுதேன்" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் பத்திரிகையைப் போல ஒரு குடும்பத்தைக் கட்டம் கட்டி நிறுத்தும் காகிதம் வேறு இல்லை. யாருடைய பேரன், யாருடைய மகன், எந்த ஊர், தாய்மாமன் யார், இருப்பவர் யார், பெயருக்கு முன்னால் 'லேட்' போட வேண்டியவர் யார், யார் பெயரில் அழைப்பு போகிறது, எல்லாம் உண்டு. ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால் பளிச்சென்று தெரிந்துவிடும்.

"சண்டை முதல்ல ப்ரூஃப்லதாம்மா தெரியும்" என்றார் மாமா. "ரெண்டாவது ப்ரூஃப்ல பெரியப்பா பேரைச் சிவப்பு மையால அடிச்சு அனுப்புவாங்க. மூணாவதுல திருப்பிச் சேர்ப்பாங்க. நடுவுல என்ன நடந்ததுன்னு நாங்க கேக்கறதில்ல. ஆனா தெரியும்."

அன்றிலிருந்து எங்கள் முறை இதுதான்: ஒவ்வொரு தொடரின் முக்கியக் குடும்பத்துக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகை எழுதுவது. எந்த வரி நிரம்பவில்லையோ, அங்கே விரலை வைப்பது.

ஜூலை

முதல் சோதனைக்கு நான் முன்பே பார்த்துவிட்ட ஷெர்லாக், பிபிசி தொடர். மாமாவுக்குக் கதை தெரியாது, அதனால் கவர் அவருடையது. அண்ணன் மைக்ராஃப்ட், அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்கள், வரிகள் நிரம்பிவிட்டன. ஆனால் 2014 ஜனவரியில் வந்த எபிசோடில் மைக்ராஃப்ட், 'இன்னொருத்தருக்கு' என்ன ஆனது என்று ஒரு வார்த்தை விடுகிறார். ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மூன்று வருஷம் தொங்கினார்கள். மூன்றாவது சகோதரர் ஷெரின்ஃபோர்ட் வரப் போகிறார் என்பது பெரும்பான்மை முடிவு. அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. பேரிங்-கோல்ட் 1962இல் ஹோம்ஸுக்கு எழுதிய கற்பனை வாழ்க்கை வரலாற்றில் மூத்த அண்ணனின் பெயர் அது. 2016இல் தொடரை உருவாக்கியவர்களே குறிப்பாக மூன்று சொற்களை வெளியிட்டார்கள், அதில் ஒன்று ஷெரின்ஃபோர்ட். ரசிகர்களுக்குக் கேட்க வேண்டுமா?

2017இல் பார்த்தால் ஷெரின்ஃபோர்ட் ஆள் இல்லை, சிறைச்சாலை. இருந்தது தங்கை, யூரஸ். பஸ்ஸில் ஷெர்லாக்கின் நண்பர் ஜான் வாட்சனைப் பார்த்துச் சிரித்த பெண், வில்லனின் மகள் என்று வந்து நின்றவள், ஜானின் மனநல ஆலோசகர் மூன்று பேரும் அவள்தான். மூன்றிலும் ஒரே நடிகை, ஷான் புரூக்.

மாமாவின் கவரில் இருந்தது: "ஒரு பிள்ளை பேரை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். செத்துப்போனதாகச் சொல்லியிருப்பார்கள்." பையனா பெண்ணா என்று அவர் எழுதவில்லை. ஆனால் பெற்றோரிடம் அவள் இறந்துவிட்டதாகத்தான் மைக்ராஃப்ட் சொல்லியிருந்தார். 'லேட்' போடச் சொன்னால் முதலில் சர்ட்டிபிகேட் கேட்க வேண்டும் என்பது இப்போது எங்கள் வீட்டு விதி.

அதே விதி ட்வின் பீக்ஸிலும் பிடித்தது. 1990இல் வந்த தொடர். மர ஆலைத் தீயில் கேத்தரின் செத்துவிட்டதாக ஊரே நம்புகிறது. இரண்டாவது சீசனில் தோஜமுரா என்று ஒரு ஜப்பானிய முதலீட்டாளர் வந்து இறங்குகிறார். அது கேத்தரினேதான், மீசை கண்ணாடியோடு. நம்ம ஊர்ப் படங்களில் கன்னத்தில் ஒரு மரு ஒட்டினால் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது என்று சிரிக்கிறோமே, இது அதற்குச் சளைத்ததல்ல. ஆனால் செய்த வேலை சுத்தம். டைட்டிலில் நடிகர் பெயரைத் தேடுபவர்களை ஏமாற்ற, ஃபூமியோ யமகூச்சி என்று இல்லாத ஒரு நடிகரின் பெயரைப் போட்டார்கள். நடித்தவர் பைப்பர் லாரி. டைட்டில் கார்டையும் சாட்சியாக நம்பக் கூடாது என்று அட்டையில் குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட்

மேர் ஆஃப் ஈஸ்ட்டவுன், 2021. இந்த முறைக்கென்றே எழுதிய கதை மாதிரி இருந்தது. எரின் என்ற சின்னப் பெண் கொலை. அவளுக்கு ஒரு கைக்குழந்தை. குழந்தைக்குப் பத்திரிகை எழுதப் பார்த்தோம். அப்பா பெயர் வரியில் பேனா நின்றது. முதலில் பழைய காதலன் டிலன் பெயர் போட்டு அடித்தோம். ஊரே சர்ச் டீக்கனைச் சந்தேகிக்கிறது. மாமா அந்தப் பக்கமே போகவில்லை. "இவ்வளவு மறைக்கிறாங்கன்னா அந்தப் பேர் ஏற்கனவே வேற வரியில இருக்குதும்மா. புது ஆளா இருந்தா மறைக்க வேண்டிய அவசியமே இல்லை."

அப்படித்தான் ஆனது. குழந்தையின் அப்பா ஜான் ராஸ், எரினின் அப்பாவுக்கு உறவுக்காரர். எரினின் நகையில் பொறித்திருந்த தேதி, ராஸ் குடும்பம் மொத்தமும் ஒன்றாகக் கூடிய நாள். ஒரே ஆளுக்கு இரண்டு உறவுமுறை விழுவதுதான் குடும்ப ரகசியம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கதையும் காட்டியதில்லை என்பேன். 1974இல் வந்த சைனாடவுன் படத்தை வேண்டுமானால் பக்கத்தில் வைக்கலாம். அதில் அந்தப் பெண்ணின் பத்திரிகையில் தாத்தா பெயரும் அப்பா பெயரும் ஒன்று.

கொன்றது ஜானின் சின்ன மகன் என்பது எங்கள் கவரில் இல்லை. பத்திரிகை 'யாருக்கு யார்' என்று சொல்லும், 'யார் செய்தது' என்று சொல்லாது.

செப்டம்பர்

முறை பலிக்காத இடமும் பிடிபட்டது. சுழல், 2022, புஷ்கர்–காயத்ரி உருவாக்கியது. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும்போது நிலா காணாமல் போகிறாள். அக்கா நந்தினி, அப்பா சண்முகம், வீட்டை விட்டுப் போன அம்மா. அம்மா பெயரில் நின்று, அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தோம். அழித்தவன் குணா. வெளியாள் இல்லை, குடும்பத்துக்குள் நல்லவனாக நடமாடிய உறவு. பத்திரிகையில் அவன் பெயர் முறையாக, சரியான வரியில், சரியான எழுத்தில் இருக்கும். விட்டுப்போன பெயரைத் தேடுகிறவருக்கு அவன் அகப்படவே மாட்டான்.

பிராட்சர்ச்சும் இப்படித்தான். 2013இல் பிரிட்டனே யார் யார் என்று அலைந்தது. கொலையாளி, துப்பறியும் எல்லி மில்லரின் கணவர் ஜோ. நேர்மையான, குழந்தையைப் பார்த்துக்கொள்கிற கணவர்.

அந்த வாரம் மாமா அந்த நாள் போடச் சொன்னார். 1954, எஸ். பாலச்சந்தர், பாட்டே இல்லாத தமிழ்ப் படம். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பான் குண்டு போட்டது நிஜம். அதற்கு மறுநாள் ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுவதில் படம் தொடங்குகிறது. தம்பி, தம்பி மனைவி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர், மனைவி, எல்லாருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ராஜன் எதிரிக்கு உளவு சொன்னவன், சுட்டவள் மனைவி உஷா. பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும் இரண்டு பெயர்களுக்குள்ளேயே மொத்தக் கதையும் முடிந்துவிட்டது.

அதனால் அட்டையில் இன்னொரு வரி சேர்த்தோம்: 'கூடமாட ஒத்தாசை'. கேட்காமலே டீ போட்டுத் தருபவர், ஸ்டேஷனுக்குத் துணைக்கு வருபவர், தேடும்போது டார்ச் பிடிப்பவர். இந்த வரி வந்த பிறகு வீட்டில் டீ போடப் போனாலே எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அக்டோபர்

மழை. ராத்திரியில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் லைன் ஆஃப் டியூட்டி என்ற பிரிட்டிஷ் போலீஸ் தொடரை முடிக்க நாளானது. போலீசுக்குள் இருக்கும் பெருந்தலை யார், 'எச்' என்ற ஒற்றை எழுத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதுதான் கேள்வி. ஹேஸ்டிங்ஸ், ஹில்டன், ஹார்கிரீவ்ஸ் என்று எச் வரிசையில் ஆட்கள் இருந்ததால் ரசிகர்கள் பட்டியல் போட்டே மாய்ந்தார்கள். இனிஷியலை வைத்து ஆள் பிடிப்பது நம்ம ஊரில் நடந்தால் தெருவில் பாதிப்பேர் உள்ளே போக வேண்டியதுதான். கடைசியில் அந்த எழுத்து பெயரே இல்லை. மோர்ஸ் என்ற தந்திக் குறியீட்டில் எச் என்றால் நாலு புள்ளி, அதாவது நாலு பேர்.

மாமாவைக் கட்டிப் போட்டது வேறு விஷயம். அந்த மறைந்திருக்கும் ஆள் 'நிச்சயமாக' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தப்பாக எழுதுகிறான், ஒவ்வொரு முறையும் அதே தப்பு. ஹேஸ்டிங்ஸும் ஒரு இடத்தில் அப்படியே எழுதியதால் ரசிகர்கள் அவர் கழுத்தைப் பிடித்தார்கள். 2021 மே 2 அன்று வந்த கடைசி எபிசோடில் மாட்டியது பக்கெல்ஸ், 2012இல் முதல் சீசனிலிருந்தே மந்தமான அதிகாரியாக வலம் வந்தவர். பிழை நிஜமான தடயம்தான். கை காட்டிய ஆள்தான் வேறு. அந்த முடிவு பலருக்குச் சப்பென்று இருந்ததாம். எனக்கு அதுதான் பிடித்தது: பெரிய மூளை எல்லாம் இல்லை, எழுத்துப்பிழையோடு ஒரு சோம்பேறி.

எழுத்துப்பிழை என்றதும் மாமாவிடம் வாட்சன் கதையைச் சொன்னேன். ஜான் எச். வாட்சனை, 1891இல் வந்த கதை ஒன்றில் அவர் மனைவியே 'ஜேம்ஸ்' என்று கூப்பிடுகிறாள். இரட்டை வாழ்க்கையா, இரண்டாம் கணவரா என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள, துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஜேம்ஸுக்கு ஸ்காட்லாந்தில் ஹாமிஷ் என்று ஒரு வடிவம் உண்டு, அந்த 'எச்' அதுதான் என்று. பிபிசி தொடர் 2012இல் அதை வாட்சன் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டது. மாமா முழுதும் கேட்டார். "இதுல மர்மம் ஒண்ணுமில்லம்மா. அன்னிக்கு ப்ரூஃப் ரீடர் லீவு."

ஹோம்ஸ் கதைகளின் முரண்களை வைத்து 1911இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை போல ஒன்றை ஆக்ஸ்ஃபோர்டில் வாசித்து இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர் ரொனால்டு நாக்ஸ், பின்னால் பாதிரியார் ஆனவர். அவரே 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அதில் ஒன்று, வாசகரைத் தயார்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது. நம்ம சினிமாவில் இது சட்டமாக இருந்திருந்தால் பாதி ஹீரோக்களுக்கு வேலை இருந்திருக்காது.

இப்போதைக்கு

கவர்களைப் பிரித்து அடுக்கியதில் தெரிவது இது. 'இந்தக் குடும்பத்தில் ஒரு பெயர் குறைகிறது' வகை ஊகம் நிறையவே பலிக்கிறது, ஏனென்றால் கதை எழுதுபவர் அந்தக் காலி இடத்தைச் சுற்றித்தான் மற்றவர்களைப் பேச வைக்க வேண்டியிருக்கிறது. 'இவர் உண்மையில் அவர்' வகை பெரும்பாலும் புகைதான். விக் சரியாக உட்காராததையும், சுவரில் போட்டோ இடம் மாறியதையும் வைத்துக் கட்டியதெல்லாம் குப்பைக்குப் போனது. ஆள் இறந்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை என்றால் மட்டும் அந்த வகைக்கும் ஒரு கவர் போடுகிறேன்.

இப்போது ஓடுவது டார்க், ஜெர்மன் தொடர், மூன்று சீசன். காணாமல் போகும் பிள்ளைகளில் ஆரம்பித்து நாலு குடும்பங்களின் கதை. மாமா ஆசையாக ஒரு புது அட்டைக் கட்டே வாங்கி வந்தார். சார்லட்டுக்குப் பத்திரிகை எழுத உட்கார்ந்தோம். மகள் எலிசபெத். சரி. சார்லட்டின் அம்மா யார் என்பது கடைசியில்தான் தெரிந்தது: அதே எலிசபெத். மாமா இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி எழுதி, அடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆர்டருக்கு முழுப் பணமும் அட்வான்ஸா வாங்கிடணும்மா. ப்ரூஃப் சரின்னு இவங்க யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க."