புள்ளி வைக்காத கீபோர்டு

‘அவன் வரவில்லை’ என்று அடித்தால் திரையில் ‘அவன வரவில்ல’ என்று வந்தது. என் கீபோர்டு திடீரென்று பேச்சுத்தமிழுக்கு மாறிவிட்டதோ என்று சிரித்தேன். அரை மணி நேரத்தில் சிரிப்பு போய்விட்டது.

நான் அடிப்பது தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பு முறையில். புள்ளிக்கு எஃப் விசை, ஐகாரத்துக்கு ஆர். ஆனால் ‘பக்கம்’ என்று அடித்தால் நடுப்புள்ளி ஒழுங்காக விழுந்தது, கடைசிப்புள்ளி மட்டும் இல்லை. விசை செத்திருந்தால் எங்குமே புள்ளி வரக்கூடாதே! எனவே மென்பொருள்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதை நீக்கி மறுபடி நிறுவி ஒரு மாலையைத் தொலைத்தேன். உண்மையில், ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் தமிழ்99 தானாகவே முதல் எழுத்துக்குப் புள்ளி வைத்துக்கொள்ளும்; ‘பக்கம்’ நடுப்புள்ளி அப்படி வந்ததுதான். வருடக்கணக்காக அடித்துப் பழகிய எனக்கு அது மறந்தே போயிருந்தது.

ஆங்கிலத்துக்கு மாறியபோதுதான் உறைத்தது. எஃப் இல்லை, ஆர் இல்லை, மேலே 4-ம் இல்லை. விண்டோஸ் விசையோடு கன்ட்ரோல், ஓ இரண்டையும் அழுத்தித் திரைக் கீபோர்டை வரவழைத்தேன். அதில் மவுஸால் எஃப்பைச் சொடுக்கினால் வேலை செய்தது. சரி, கணினி நிரபராதி. யுஎஸ்பி போர்ட்டை மாற்றினேன், வேறொரு கணினியில் செருகினேன். அதே மூன்றும் ஊமை.

விசைகளின் மூடிகளைக் கழற்றித் தூசி தட்டினேன், பயனில்லை. கழற்றிய இடத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: 4, ஆர், எஃப் மூன்றும் சாய்வாக ஒரே கோட்டில் இருக்கின்றன. தூசி என்றால் ஒரு விசை கெடும். கீபோர்டுக்குள் ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி கிடையாது. வரிசையும் நெடுவரிசையுமாகப் பின்னிய தடங்கள்தான். மூன்று சேர்ந்து போனால் தடம் எங்கோ அறுந்திருக்கிறது.

பின்புறத் திருகுகளை எல்லாம் கழற்றியும் உடம்பு பிரியவில்லை. நெம்பப் போன கையை நிறுத்தி, ஸ்டிக்கரை விரலால் தடவினேன். நடுவில் ஒரு பள்ளம். கடைசித் திருகு அதற்கடியில் ஒளிந்திருந்தது. உள்ளே ரப்பர் விரிப்பு, அதன் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல்தாளில் வி விசைக்குச் சற்றுத் தள்ளி, வெள்ளித் தடத்தில் எள் அளவு கருப்பு. எப்போதோ தண்ணீர் சிந்தி, துடைத்துவிட்டு மறந்த இடம். மின்தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தடத்தின் தொடக்கத்தில் வைத்து மற்றதை நகர்த்தினேன். வி வரை பீப், கருப்பைத் தாண்டியதும் மௌனம்.

இங்கே சூடாக உலோகம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வைத்தால் தாளே உருகிவிடும். மின்கடத்தும் வெள்ளி மையை ஊசிமுனையில் தொட்டு, கருப்பின் இரு பக்கமும் சேரும்படி ஒரு கோடு இழுத்தேன். முதல் முறை பக்கத்துத் தடத்தில் வழிந்துவிட்டது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து, மீண்டும் இழுத்தேன். இரவு முழுக்கக் காயவிட்டேன்.

காலையில் பூட்டும்போது ஸ்பேஸ்பாரின் கம்பி எங்கே மாட்டும் என்று தெரியாமல் திணறியது தனிக்கதை. அப்புறம் செருகி அடித்தேன்: ‘அவன் வரவில்லை’. 4 மட்டும் இன்னும் அழுத்திக் குத்தினால்தான் விழுகிறது. வலப்பக்க எண் பலகையில் இன்னொரு 4 இருப்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.