கீழே கடல்தானே

ஏடிஆர் என்கிற சின்ன விமானத்தில் பறக்கும்போதே எரிபொருளைக் கொட்டும் வசதி கிடையாது. ஏ320, போயிங் 737 இவற்றிலும் இல்லை. ஆகவே, வகுப்பில் ஒரு மாணவிக்கு நான் சொன்ன பதிலில் தப்பு எதுவும் இல்லை. இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

சின்ன விமானம் அவசரமாக இறங்க வேண்டுமென்றால் வட்டமடித்து எரிபொருளைத் தீர்ப்பார்கள். நேரமில்லையா, கூடுதல் எடையோடு இறக்கிவிடுவார்கள். அப்புறம் சக்கரங்களைத் தாங்கும் லேண்டிங் கியரை அலசிப் பார்ப்பது எங்களைப் போன்ற பராமரிப்புக்காரர்கள் பாடு. கொட்டுவதெல்லாம் பெரிய விமானங்கள்தான். போயிங் 777-300ஈஆர் அதிகபட்சம் 351 டன்னோடு கிளம்பலாம்; இறங்கும்போது 251 டன்னைத் தாண்டக் கூடாது. கிளம்பிய உடனே என்ஜின் ஒன்று மக்கர் செய்தால்? மூடி போட்ட சுவிட்சைத் திறந்து போடுவார்கள். இறக்கையின் பின்விளிம்புக் குழாய் வழியாக எரிபொருள் வெள்ளைப் புகைபோலப் பீய்ச்சியடிக்கும். ஐயாயிரம், ஆறாயிரம் அடிக்கு மேலே என்றால் பெரும்பகுதி கீழே வருமுன் ஆவியாகிவிடும்.

இதை நடத்தும்போதுதான், “ஆள் இல்லாத இடமாப் பார்த்து, முடிஞ்சா கடலுக்கு மேல” என்றேன். புதுச்சேரிப் பக்கத்து மீனவர் ஊரான வீராம்பட்டினத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: “எங்க அப்பா அங்கதானே சார் இருப்பாரு?”

வகுப்பே சிரித்தது. “நம்ம லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுக்கு வர்ற ஏடிஆர்ல அந்த வசதியே இல்லம்மா” என்று முடித்துவிட்டேன்.

அவள் கேட்டது ஏடிஆரைப் பற்றியா? சென்னையிலிருந்து கிளம்பும் பெரிய விமானங்களும் இதே வங்கக் கடல் மேல்தானே போகின்றன. உயரத்தைச் சொல்லி விளக்கியிருக்கலாம். ஆனால் ஆவியாவது என்றால் காற்றில் கலப்பதுதானே, இல்லாமல் போவதில்லையே. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு 777 தாழப் பறந்தபடி கொட்டியது. பள்ளி மைதானத்தில் நின்ற பிள்ளைகள் மேல் விழுந்து தோலில் எரிச்சல். பள்ளிக்கூடம் என்பதால் உலகத்துக்கே தெரிந்தது. கீழே ஒரு ஃபைபர் போட் இருந்திருந்தால்?

இதுவும் மிகைதான். இப்படிக் கொட்டுவதே அபூர்வம். அதுவும் உள்ளே இருக்கும் முந்நூறு உயிருக்காக. விமானியின் இடத்தில் நான் இருந்தாலும் சுவிட்சைத் தட்டத்தான் செய்வேன்.

தேர்விலும் இந்தக் கேள்வி வந்தது. “மக்கள் இல்லாத பகுதி, எடுத்துக்காட்டாகக் கடல்” என்று என் நோட்ஸில் உள்ளபடியே எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன போடுவது?