இஸ்மெனியின் அடையாள அட்டை

மார்ச் 12, புதன்

சனிக்கிழமை பார்க்கப்போகும் நாடகத்தை இன்று மறுபடி படித்து முடித்தேன். சோஃபக்ளிஸின் ‘ஆன்டிகனி’. கி.மு. 441 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறியது. அரியணைக்காக மோதிய இரண்டு சகோதரர்கள் ஒருவர் கையால் ஒருவர் மடிகிறார்கள். ஆட்சி தாய்மாமன் கிரியோன் கைக்கு வருகிறது. ஊரைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு முறைப்படி அடக்கம். படை திரட்டி வந்த பாலினைசிஸின் உடல் நாய்க்கும் பறவைக்கும். இதுதான் அவன் போடும் முதல் ஆணை. ஆன்டிகனி போய் அண்ணன் உடல்மேல் ஒரு பிடி மண்ணைத் தூவுகிறாள். அவளுக்கு நிச்சயித்திருப்பதோ கிரியோனின் மகன் ஹேமோனை. மாமன், மாமன் மகன் என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் அரச வம்சம் மறைந்து ஒரு வீட்டுச் சண்டையின் சூடு உறைக்கிறது.

பாத்திரங்கள் அனைவரும் இன்றைய உடையில் வருவார்கள் என்று அறிவிப்பில் இருக்கிறது. தங்கையிடம் சொன்னேன். “தீப்ஸ் நகரத்து மன்னன் கோட்டும் டையுமாகவா? அழ வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டால் என்னைத் திட்டாதே, அக்கா” என்றாள்.

மார்ச் 15, சனி. இரவு, ஈரத் தலையோடு

பாதி நாடகம் பார்த்தேன். மீதியை மழை பார்த்துக்கொண்டது.

சரிவில் படிப்படியாக இருக்கைகள், கீழே வெறும் மரமேடை, அதற்குப் பின்னால் மரங்கள். ஆறு மணிக்குத் தொடங்கியபோது நல்ல வெளிச்சம் இருந்தது. ஏதென்ஸிலும் அக்ரோபாலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் பகல் வெளிச்சத்தில்தான் ஆடினார்கள், அதுவும் வசந்தகால விழாவில். எனவே மாதப் பொருத்தம்கூடச் சரியாகத்தான் இருந்தது. மழை வராதவரை.

முதல் காட்சி என்னைப் பிடித்துப் போட்டது. ஆன்டிகனி பழைய சட்டையும் பையுமாக நிற்கிறாள். அக்கா தங்கை இருவரில் இஸ்மெனி மட்டும் வேலைக்குக் கிளம்பிய கோலத்தில் வருகிறாள்: இஸ்திரி போட்ட உடை, கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. “நாம் பெண்கள், ஆள்பவர்களோடு மோத முடியாது” என்ற பொருளில் அவள் பேசும்போது விரல்கள் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பி விளையாடுகின்றன. படிக்கும்போது இஸ்மெனியைக் கோழை என்று கடந்துபோயிருக்கிறேன். இன்று அவளிடம் இழப்பதற்கு ஒரு வாழ்க்கை இருப்பது தெரிந்தது. பக்கத்தில் தங்கை அசையவில்லை. அவள் கழுத்திலும் வாரத்தில் ஐந்து நாள் அப்படி ஒன்று தொங்குகிறது.

அடுத்து கோரஸ், சேர்ந்து பாடும் ஊர்ப் பெரியவர்கள். சோஃபக்ளிஸ் காலத்தில் பதினைந்து பேர். இங்கே ஆறு பேர், ஓய்வுபெற்ற அதிகாரிகளின் தோரணையில். போர் முடிந்த காலையில் உதிக்கும் கதிரவனை வரவேற்பதுதான் அவர்களுடைய முதல் பாட்டு. அதைப் பாடும்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு முகங்களிலும் அந்தச் செம்மஞ்சள் ஒளி. விடியலைப் பாடப் பாட வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. இயக்குநர் திட்டமிட்டாரா, நேரம் அப்படி அமைந்ததா, எதுவானாலும் இந்த ஊரின் விடியலை நம்பாதே என்று எனக்குச் சொல்லிவிட்டது.

கிரியோனின் முதல் உரையைப் பத்திரிகையாளர் சந்திப்பாக ஆக்கியிருந்தார்கள். நவீன உடை நாடகம் என்றால் இது இல்லாமல் முடியாது போலும். கேமரா மின்னல், மேஜைமேல் ஆறேழு மைக். எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த நகைச்சுவைபோல இருந்தது. ஆனால் காவலன் அருமை. உடல்மேல் யாரோ மண் தூவியிருக்கிறார்கள் என்ற செய்தியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவன் சுற்றிவளைக்கும் பேச்சு மூலத்திலேயே வேடிக்கையானதுதான். இங்கே அவன் செக்யூரிட்டி சீருடையில், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “நான் பார்க்கவில்லை, செய்தது நானும் இல்லை” என்று ஆரம்பித்ததும் மொத்தச் சரிவும் சிரித்தது.

ஆன்டிகனி பிடிபட்ட பிறகு இஸ்மெனி ஓடி வருகிறாள். “நானும்தான் செய்தேன்” என்கிறாள். சொல்லிக்கொண்டே அட்டையைக் கழற்றித் தரையில் வைக்கிறாள். ஆன்டிகனி அந்தப் பங்கைத் தர மறுக்கிறாள்: நீ வாழ்வைத் தேர்ந்தெடுத்தாய், நான் சாவை. இதைவிடக் கொடுமையான வரி இந்த நாடகத்தில் கிரியோனுக்குக்கூட இல்லை.

ஹேமோன் அப்பாவிடம் வாதாடும்போது தூறல் விழ ஆரம்பித்தது. “ஒரே மனிதனுக்குச் சொந்தமானது ஊரே அல்ல” என்று அவன் சொல்லும் இடத்தில் சட்டை முழுக்க நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. காலர் மைக் கரகரத்தது. அவன் மைக்கை நம்பாமல் அடிவயிற்றிலிருந்து குரலை உயர்த்தினான். அதன் பிறகுதான் முழுமையாகக் கேட்டது. அவன் வெளியேறிய உடனே அரங்க நிர்வாகி வந்து கைகூப்பினார். ஈரப் பலகையில் வழுக்கும், மின்விளக்குகளும் ஆபத்து. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த சனிக்கிழமை முதலிலிருந்து.

பஸ்ஸில் தங்கை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எப்போதும் நீ ஆன்டிகனியின் பக்கம்தானே?” என்றாள். ஆமாம் என்றேன். “தெரியும்” என்றாள்.

மார்ச் 16, ஞாயிறு

தும்மல்.

மார்ச் 18, செவ்வாய்

தங்கையின் கேள்வியைத் தட்டிக்கழிக்க உடைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். பழைய நாடகத்துக்குப் பழைய உடைதான் நியாயம் என்ற எண்ணம் அத்தனை பழையது அல்ல. ஷேக்ஸ்பியரின் நடிகர்கள் ரோமாபுரிக் கதைகளுக்கும் பெரும்பாலும் தங்கள் காலத்து உடைகளிலேயே மேடையேறினார்கள். வரலாற்றுத் துல்லியம் என்ற பித்து 19ஆம் நூற்றாண்டில்தான் முற்றியது. அது பழகிப்போன பிறகு, 1925இல் லண்டனில் பாரி ஜாக்சன் ஹாம்லெட்டை அன்றைய உடையில் மேடையேற்றியது புதுமையாகத் தெரிந்தது. 1937இல் நியூயார்க்கில் ஆர்சன் வெல்ஸ் ஜூலியஸ் சீசருக்கு பாசிஸ்டுச் சீருடையின் சாயலைக் கொடுத்தார்; முசோலினி உயிரோடு ஆண்டுகொண்டிருந்த நேரம் அது. 1944இல் ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் ழான் அனுய் இதே ஆன்டிகனி கதையைத் தன் போக்கில் எழுதி, இருபதாம் நூற்றாண்டு உடையில் ஆட வைத்தார்.

தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையிலும் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டார்கள். நெல்சன் மண்டேலா ஏற்றது கிரியோன் வேடம். ஆணை பிறப்பிப்பவனின் வரிகளைச் சிறையில் இருப்பவர் மனப்பாடம் செய்வதை நினைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே அலங்காரத்துக்கு என்ன இருந்திருக்கும்?

மார்ச் 22, சனி. நள்ளிரவு

மேகம் இல்லை. முழுதாகப் பார்த்தோம்.

முதல் பாதி போன வாரத்தைவிடச் சற்று இறுக்கம் குறைவு. ஹேமோன் காய்ந்த சட்டையில் அத்தனை நன்றாக இல்லை. மழையையும் நடிகர் பட்டியலில் சேர்த்திருக்கலாம்.

நவீன உடையின் பெரிய ஓட்டை இரண்டாம் பாதியில் தெரிந்தது. பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸ் வந்து எச்சரித்த பிறகு கிரியோன் மனம் மாறுகிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு உடலை அடக்கம் செய் என்று கோரஸ் சொல்கிறது. அவனோ முதலில் உடலை அடக்கம் செய்துவிட்டுத்தான், ஆன்டிகனியை உயிரோடு அடைத்துவைத்த குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டுவிடுகிறாள். மூலத்தில் இந்தத் தாமதம் நெஞ்சைப் பிசையும். ஆனால் இந்தக் கிரியோன் முதல் காட்சியிலிருந்தே கைபேசியும் கையுமாக அலைந்தவன். குகைக் காவலுக்கு ஒரு அழைப்பு போதாதா? பின்வரிசையில் யாரோ, “போன் பண்ணுங்கள், ஐயா” என்று முணுமுணுக்க, பத்துப் பேர் சிரித்தார்கள். கருவியை மேடைக்குக் கொண்டுவந்தால் அது ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஆனாலும் இஸ்மெனிக்காக எல்லாவற்றையும் மன்னித்தேன்.

மூலத்தில் அந்த மறுப்புக்குப் பிறகு இஸ்மெனி காணாமல் போகிறாள். கிரியோன் அவளை விட்டுவிடுகிறான், அத்தோடு சரி. சாகப் போகும் ஆன்டிகனி தன்னை அரச குலத்தின் கடைசிப் பெண் என்றே சொல்லிக்கொள்கிறாள், தங்கை உயிரோடு இருக்கும்போதே. இத்தனை முறை படித்தும் இது என் கண்ணில் பட்டதில்லை. இந்த இயக்குநர் அவளைப் போகவிடவில்லை. மேடையின் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார். ஹேமோன் செத்த செய்தி வருகிறது, தாய் யூரிடிஸ் உயிரை மாய்த்துக்கொள்கிறாள், கிரியோன் மகனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இஸ்திரி கலையாத உடையில், காலடியில் அட்டையோடு அவள் உட்கார்ந்தே இருக்கிறாள்.

கடைசியில் இருட்டு. மரங்களுக்குள் பூச்சிகளின் இரைச்சல். முடிந்துவிட்டதா என்று தெரியாமல் சில நொடிகள் யாரும் கைதட்டவில்லை.

“அவள் செய்யாததைச் செய்ததாகச் சொன்னாளே, அக்கா,” என்றாள் தங்கை, “அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்?”

நான் பதில் சொல்லவில்லை. கூட்டம் கலையும்வரை உட்கார்ந்திருந்தோம். நடிகர்கள் வணங்கிவிட்டுப் போன பிறகு மேடை உதவியாளர் ஒருவர் கேபிளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். தரையில் கிடந்த அட்டையைப் பார்த்தார். கை காலியாக இல்லை. குனிந்து எடுத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு சுருட்டலைத் தொடர்ந்தார்.